வியாழன் இரவு குப்பைக் கூடையில், வெள்ளிக்கிழமை தட்டுப்பாடு: தட்டணு இருப்பில் பிழை நீக்கும் வழி

மொரீசியஸில் மருத்துவமனை இரத்த வங்கியில் இரவுப் பணி பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. நள்ளிரவு கடந்ததும் பைகளை மெல்ல அசைத்துக்கொண்டே இருக்கும் அஜிடேட்டர் கருவியிலிருந்து நான்கு தட்டணுப் பைகளை எடுத்து, காலாவதி என்று பதிவேட்டில் எழுதி, கழிவுக் கூடையில் போடுகிறோம். விடிந்ததும் புற்றுநோய் வார்டிலிருந்து தொலைபேசி வருகிறது. இரண்டு பை பிளாக்கெத், அதாவது குருதி உறைய உதவும் தட்டணு, வேண்டும் என்கிறார்கள். இல்லை என்று சொல்லிவிட்டுக் கொடையாளர் பட்டியலைத் தேடுகிறோம். வீணாவதை ஒரு குறையாகவும் தட்டுப்பாட்டை வேறொரு குறையாகவும் கருதி, முதலாவதற்குக் குறைவாக வாங்குவதையும் இரண்டாவதற்குக் கூடுதலாக வாங்குவதையும் மாறி மாறிச் செய்து பார்ப்பவர்கள் பலர். பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றே: பையின் ஐந்து நாள் ஆயுளில் எந்த நாள் எங்கே தொலைந்தது என்று நாம் பார்ப்பதில்லை.

சிவப்பணுப் பை சேர்க்கைக் கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் தாங்கும். உறைய வைத்த பிளாஸ்மா ஓராண்டு தாங்கும். அங்கே இரண்டு நாள் தாமதம் மன்னிக்கப்படும். தட்டணுவோ 20 முதல் 24 பாகை வெப்பத்தில், இடைவிடாத மென்மையான அசைவில், ஐந்து நாள் மட்டுமே இருக்கும். எடுத்த நாள் சுழியம்; ஐந்தாம் நாள் நள்ளிரவுடன் கணக்கு முடியும். எனவே கீழ்க்காணும் எந்த அறிகுறியைத் தேடி வந்திருந்தாலும், முதலில் கடந்த எட்டு வாரப் பைகளுக்கு ஒரு பட்டியல் தயாரியுங்கள். எடுத்த நாள், பரிசோதனை முடிந்து விடுவிக்கப்பட்ட நேரம், உங்கள் அலமாரிக்கு வந்த நேரம், வார்டுக்குப் போன நேரம் ஆகிய நான்கும் போதும்; வார்டுக்குப் போகாத பைக்கு நான்காவது கட்டத்தில் காரணத்தை எழுதுங்கள். மாத இறுதியில் சதவீதமாக மட்டும் எழுதப்படும் வீணாக்கக் கணக்கு எதையும் காட்டிக்கொடுக்காது. கிழமைவாரியாகப் பிரித்தால்தான் குற்றவாளி தெரிவார்.

அறிகுறி: ஒரே வாரத்தில் பைகள் காலாவதியாகவும் செய்கின்றன, இல்லாமலும் போகின்றன

பட்டியலைக் கிழமைவாரியாகப் பிரித்ததும் காலாவதி ஒன்றிரண்டு கிழமைகளிலும் தட்டுப்பாடு அவற்றை அடுத்த நாட்களிலும் குவிந்திருந்தால், பிழை அளவில் இல்லை, கிழமையில் இருக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். மருத்துவமனை ஒன்றுக்கு நாளொன்றுக்கு இரண்டு முழு அளவு தேவை என்று வைத்துக்கொள்வோம். முழு அளவு என்பது ஒரு அஃபெரிசிஸ் பை (ஒரே கொடையாளரிடமிருந்து கருவி மூலம் தட்டணுவை மட்டும் பிரித்தெடுத்தது), அல்லது தனித்தனிக் கொடையாளர்களின் முழு இரத்தத்திலிருந்து பிரித்த ஐந்தாறு பைகள். முன்னதில் குறைந்தது 30,000 கோடித் தட்டணுக்களும், பின்னதில் பை ஒன்றுக்குக் குறைந்தது 5,500 கோடியும் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். இரத்தக்கொடை முகாம் சனிக்கிழமை நடக்கிறது, ஞாயிறு ஆய்வகம் முழுமையாக இயங்குவதில்லை, பை உங்கள் கைக்குச் செவ்வாய் காலை வருகிறது. சனி சுழியம் என்றால் செவ்வாய் மூன்றாம் நாள். வியாழன் நள்ளிரவில் ஆயுள் முடிகிறது. ஐந்து நாள் பொருள் என்று நாம் நம்பியது மூன்று நாள் பொருளாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த மூன்று நாளில் ஆறு அளவு செலவாகும். வாரம் முழுவதையும் சமாளிக்கலாம் என்று பத்து வாங்கியிருந்தால் நான்கு வியாழன் இரவு கூடைக்குப் போகும், வெள்ளி முதல் திங்கள் வரை அலமாரி வெறுமையாக இருக்கும். அடுத்த வாரம் பதினான்கு வாங்கினால் எட்டு கூடைக்குப் போகும்; வெள்ளிக்கிழமை வெறுமை அப்படியே இருக்கும்.

இதற்குத் தீர்வு அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ அல்ல. கொடையின் கிழமையைப் பிரிப்பதே. சனிக்கிழமை முகாமிலிருந்து ஆறு மட்டும் பிரித்தெடுத்துவிட்டு, புதன்கிழமை எட்டு அளவுக்கு அஃபெரிசிஸ் கொடையாளர்களை அழையுங்கள். புதன் எடுத்தது வியாழன் சோதிக்கப்பட்டு வெள்ளி காலை வந்தால் திங்கள் நள்ளிரவு வரை இருக்கும். நான்கு நாளுக்கு எட்டு. வாரத் தேவையான பதினான்கும் நிறைந்துவிட்டது, கூடையில் எதுவும் இல்லை. நடைமுறையில் தேவை இத்தனை ஒழுங்காக வருவதில்லை. ஒரு நாள் ஐந்து கேட்பார்கள், மறுநாள் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஆகையால் ஒவ்வொரு வரவுக்கும் ஓரிரு அளவு காப்பிருப்பு சேர்த்துக்கொள்ள வேண்டும், அதில் ஒரு பகுதி வீணாவதையும் ஏற்க வேண்டும். காலாவதியே இல்லாத இரத்த வங்கி ஒன்று இருந்தால், அங்கே எத்தனை முறை நோயாளிக்கு இல்லை என்று சொன்னார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்பேன்.

இருப்பை எண்ணும் முறையும் இதே பிழைக்குத் துணைபோகும். காலையில் பலகையில் எட்டு என்று எழுதுகிறோம். அவற்றில் ஐந்து இன்றிரவு முடிபவை என்றால், அடுத்த வரவு நாளை மாலைதான் என்ற நிலையில் நம்மிடம் உண்மையில் இருப்பது இன்றைக்கு எட்டு, நாளைக்கு மூன்று. எனவே பலகையில் ஒரே எண்ணை எழுதாமல், இன்று முடிவன, நாளை முடிவன, அதற்கு மேல் இருப்பன என்று மூன்று எண்களை எழுதுங்கள். கேட்பு அனுப்பும்போது கடைசி இரண்டை மட்டுமே கணக்கில் எடுங்கள். பைகளை அலமாரியில் இரத்தப் பிரிவு வாரியாக மட்டும் அடுக்காமல் முடிவு நாள் வாரியாகவும் அடுக்கினால், அவசரத்தில் கை நீட்டுபவர் முதலில் தொடுவது மூத்த பையாக இருக்கும். கையில் பட்ட புதிய பையை எடுத்துக் கொடுத்துவிடும் இரவுப் பணியாளரைக் குறை சொல்வதைவிட அலமாரியை மாற்றுவது எளிது.

ஆண்டின் தொடக்கத்தில் இந்தக் கிழமைக் கணக்கு தானாகவே குலைந்துபோகும். தைப்பூசக் காவடி, சீனப் புத்தாண்டு, மகா சிவராத்திரி எல்லாம் பொது விடுமுறைகள். சில ஆண்டுகளில் சில வாரங்களுக்குள் நெருங்கி வந்துவிடும். காவடி எடுப்பவர்கள் விரதத்தில் இருக்கும் நாட்களில் அவர்களைக் கொடைக்கு அழைப்பது முறையல்ல. சிவராத்திரிக்குப் புனித ஏரியான கிராண்ட் பாசினுக்கு நடந்து போய்த் திரும்பியவரை மறுநாளே ஊசிக்குக் கை நீட்டச் சொல்வதும் அப்படித்தான். டிசம்பர் மாதத்திலேயே நாட்காட்டியை விரித்து, ஒவ்வொரு விடுமுறைக்கும் இரண்டு நாள் முன் யார் கொடை தருவார்கள் என்று பெயர் எழுதி வைப்பதுதான் வழி. கோயில் சங்கங்கள் நடத்தும் முகாம்களின் பொறுப்பாளர்களிடம் தேதியை மாற்றக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. கேட்காமல் விடுவது நாம்தான். தட்டணு தர வருபவர்களிடம் முந்தைய இரண்டு மூன்று நாட்களில் ஆஸ்பிரின் சாப்பிட்டார்களா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். வந்து அமர்ந்த பின் திருப்பி அனுப்பினால் அன்றைய கணக்கே கெட்டுவிடும்.

அறிகுறி: பை வரும்போதே முதுமையாக வருகிறது

பட்டியலில் எடுத்த நேரத்துக்கும் விடுவித்த நேரத்துக்கும் இடையே 36 மணிக்கு மேல் இருந்தால் நாள் ஆய்வகத்தில் தொலைகிறது. விடுவித்ததற்கும் வந்ததற்கும் இடையே இருந்தால் வண்டியில் தொலைகிறது. இரண்டாவது எளிது. மாலையில் விடுவிக்கப்பட்ட பை மறுநாள் காலை வண்டிக்காகக் காத்திருப்பதை, மாலை வண்டி ஒன்றைச் சேர்த்தால் தவிர்க்கலாம். முதலாவது கடினம், ஏனெனில் அதில் ஒரு பகுதி பாதுகாப்புக்காகவே செலவாகிறது. அறை வெப்பத்தில் இருக்கும் பையில் பாக்டீரியா பெருகும். அமெரிக்காவில் 1984இல் ஆயுளை ஏழு நாளாக உயர்த்திவிட்டு, தொற்றுகள் தெரியவந்ததும் 1986இல் மீண்டும் ஐந்தாகக் குறைத்தது இந்தக் காரணத்தால்தான். பாக்டீரியா வளர்ப்புச் சோதனைக்கு, எடுத்த உடனே மாதிரி எடுத்தால் பயனில்லை. கிருமி கண்டறியும் அளவுக்குப் பெருக ஒரு நாளாவது விட வேண்டும். அந்த நாளை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். மிச்சப்படுத்த வேண்டியது, மாதிரிக் குழாய்கள் ஒரு முழுத் தொகுதி சேரும்வரை கருவியருகே காத்திருக்கும் ஆறு மணி நேரத்தை.

கிருமி செயலிழப்பு முறையோ, விரிவான பாக்டீரியா சோதனையோ இருக்கும் இடங்களில் ஏழு நாள் ஆயுள் அனுமதிக்கப்படுகிறது. ஐந்து ஏழாக மாறுவது கேட்பதற்குச் சிறிய மாற்றம். மேலே போட்ட கணக்கில் மூன்று நாள் ஐந்தாகிறது என்று பார்த்தால்தான் அதன் மதிப்பு புரியும். அண்டைத் தீவான ரீயூனியனில் 2005 முதல் 2006 வரை சிக்குன்குனியா மக்களில் மூன்றில் ஒரு பங்கினரைத் தாக்கியபோது, தீவில் வழக்கமான இரத்தக்கொடை நிறுத்தப்பட்டுச் சிவப்பணுக்கள் பிரான்ஸிலிருந்து விமானத்தில் வந்தன. தட்டணுவை மட்டும் அப்படிக் கொண்டுவர முடியவில்லை. ஆயுள் இடம் கொடுக்காததால், தீவிலேயே அஃபெரிசிஸ் மூலம் எடுத்து, அமோட்டோசலென் என்ற வேதிப்பொருளும் புற ஊதா ஒளியும் கொண்டு கிருமியைச் செயலிழக்கச் செய்து வழங்கினார்கள். தீவில் வாழும் நமக்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை: தட்டணுவுக்கு வெளியூர்க் காப்பிருப்பு கிடையாது.

அறிகுறி: பை ‘ஒதுக்கப்பட்டது’ என்று இருக்கிறது, கடைசியில் வீணாகிறது

நாளைய அறுவைக்கு என்று மூன்று பை பெயர் எழுதி ஒதுக்கப்படுகிறது, அறுவை தள்ளிப்போகிறது, யாரும் சொல்வதில்லை. ஒதுக்கீட்டுக்கு ஒரு முடிவு நேரம் எழுதுங்கள். அறுவை காலை என்றால் அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு ஒதுக்கீடு தானாக விலகும் என்று வார்டுக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, சொன்னபடி விலக்குங்கள். முதல் வாரம் சச்சரவு வரும், மூன்றாம் வாரம் அவர்களே அழைத்துச் சொல்வார்கள். தனித்தனிப் பைகளைத் திறந்த முறையில் ஒன்றாகக் கலப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும், ஏனெனில் கலந்த நேரத்திலிருந்து நான்கு மணி நேரமே ஆயுள். நோயாளிக்கு ஊசி போட்டாயிற்று, காய்ச்சல் பார்த்தாயிற்று என்று வார்டு சொல்லும்வரை கலக்கக் கூடாது.

இன்னொரு வகை வீணாக்கம் அன்பினால் நேர்வது. முன்பு நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த மூத்த செவிலியர் ஒருவர் அழைத்தார். “தம்பி, டாக்டர் வர நேரமாகும்னு சொன்னாங்க. நீங்க அனுப்பின பையைப் பத்திரமா ஃபிரிட்ஜ்ல வெச்சிருக்கேன், கவலைப்படாதீங்க.” நான், “அக்கா, எத்தனை மணிக்கு வெச்சீங்க?” என்று கேட்டேன். “நீங்க கொடுத்தவுடனே வெச்சுட்டேன் தம்பி,” என்றார். மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. இரத்தம் என்றால் குளிர் என்பது அவர் பயின்ற பாடம். தட்டணு விலக்கு என்று அவருக்குச் சொல்லாதது எங்கள் பிழை. குளிர்ந்த தட்டணு தட்டு வடிவத்தை இழந்து உருண்டையாகிறது, உடலில் ஏறியதும் கல்லீரல் அதை விரைவாக அகற்றிவிடுகிறது. அறை வெப்பத்தில் வைத்தால்தான் உயிர்ப்புடன் இருக்கும் என்பதை மர்ஃபியும் கார்ட்னரும் 1969இலேயே காட்டினார்கள். குளிரில் வைத்த தட்டணுவைக் குருதிப்போக்கு உள்ளவர்களுக்குப் பயன்படுத்தும் முறை இப்போது சில நாடுகளில் உண்டு; ஆனால் அது தொடக்கத்திலிருந்தே அதற்கென ஒழுங்குபடுத்தப்பட்ட தனித் தயாரிப்பு. வார்டு ஃபிரிட்ஜில் இருந்து திரும்பிய பையை அதன் பெயரால் காப்பாற்ற முடியாது. அதன் பிறகு ஒவ்வொரு பையிலும் கிரியோல் மொழியில் ‘பா மெத் தாங் ஃபிரிஸிதேர்’ (ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்) என்று ஒரு மஞ்சள் ஒட்டி ஒட்டினோம்.

அறிகுறி: பையில் சுழல் தெரியவில்லை, அல்லது கட்டி தெரிகிறது

நலமான பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெல்லத் திருப்பினால் பட்டுத்துணி மடிவது போன்ற மினுமினுப்பு ஓடும்; இதைத்தான் சுழல் என்கிறோம். அது இல்லையென்றால் தட்டணுக்கள் வடிவம் இழந்துவிட்டன என்று கொள்ளலாம். அந்தப் பையை விலக்கி வைத்துவிட்டு, அதே தட்டில் இருக்கும் மற்றப் பைகளைப் பாருங்கள். ஒரு பை மட்டும் என்றால், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் காற்றோட்டம் தடைப்பட்டதா, பெரிய ஒட்டி பையின் முகத்தை மூடியதா என்று பாருங்கள். பையின் சுவர் வழியாகவே ஆக்சிஜன் உள்ளே வந்து கரியமில வாயு வெளியேறுகிறது, அந்த வழி அடைபட்டால் லாக்டிக் அமிலம் சேர்ந்து அமிலத்தன்மை ஏறிவிடும். பி.எச். அளவு 6.2க்குக் கீழே போன பை பயனற்றது. எல்லாப் பையிலும் சுழல் இல்லையென்றால் வெப்பப் பதிவுத்தாளை எடுங்கள். பெரும்பாலும் குளிரூட்டியின் காற்று நேராக இன்குபேட்டர் மீது அடித்திருக்கும்.

பிரித்தெடுத்த அன்றே தெரியும் கட்டிகள் வேறு. மையவிலக்குக் கருவியில் கடும் சுழற்சிக்குப் பிறகு பையை ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்து, அதன் பிறகே அஜிடேட்டரில் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டவர்களுக்குக் கட்டி கிடைக்கும். பலமுறை இது ஓய்வில் கரைந்துவிடும். ஒரு நாள் கழித்தும் கரையாத கட்டி, நிறம் மாறிய பை, உப்பிய பை மூன்றும் நோயாளிக்குப் போகக் கூடாது. கிருமிச் சோதனைக்கு அனுப்புங்கள்.

புயற்காலத்தில் மின்சாரம் போகும்போது இதே அறிகுறி கூட்டமாக வரும். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் போர்ட் லூயி வீதிகளை வெள்ளத்தில் ஆழ்த்தியதை எல்லோரும் பார்த்தோம். அப்படியொரு நாளில் வண்டியும் வராது, கொடையாளரும் வரமாட்டார். அசைவு நின்றால் உடனே பதறத் தேவையில்லை. மொத்தம் 24 மணி நேரம் வரை அசைவின்றி இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. பதற வேண்டியது வெப்பத்துக்கு. ஜெனரேட்டர் அஜிடேட்டரை ஓட்டுகிறது, அறைக் குளிரூட்டியை ஓட்டவில்லை என்றால் ஜனவரி அறை 24 பாகையைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. முதல் வகுப்பு எச்சரிக்கை வந்தவுடனே எந்தெந்தக் கருவி எந்த மின்வழியில் இருக்கிறது என்று பாருங்கள். அன்றே அஃபெரிசிஸ் கொடையாளர்களை அழையுங்கள். மூன்றாம் வகுப்புக்குப் பிறகு எதுவும் நகராது.

அறிகுறி: டெங்கு வந்தது, அலமாரி காலியானது

2024இல் இங்கே டெங்கு பரவியது நினைவிருக்கும். டெங்குக் காலத்தில் தேவை உண்மையிலேயே கூடும், ஆனால் கேட்பு தேவையைவிட அதிகமாகக் கூடும். தட்டணு எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 30,000 என்று அறிக்கை வந்ததும் உறவினர்கள் மருத்துவரை நெருக்குகிறார்கள், மருத்துவர் நம்மை நெருக்குகிறார். கேட்புப் படிவத்தில் ஒரே ஒரு கேள்வியைச் சேருங்கள்: குருதிப்போக்கு இருக்கிறதா? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், எண்ணிக்கை 20,000 அல்லது அதற்குக் கீழே இருந்தும் கடுமையான குருதிப்போக்கு இல்லாத டெங்கு நோயாளிகளுக்கு முன்காப்பாகத் தட்டணு ஏற்றியது குருதிப்போக்கைத் தடுக்கவில்லை. பக்க விளைவுகள்தான் கூடின. முடிவு மருத்துவருடையது, ஆனால் கேள்வியைக் கேட்பது நம் கடமை. எண்ணிக்கை தானாக ஏறும் நாளில் நாம் கொடுத்த பைக்கு நன்றி வந்துவிடுகிறது என்பதால் இந்தப் பழக்கம் போக மறுக்கிறது.

புற்றுநோய் வார்டின் கணக்கு வேறு. எலும்பு மஜ்ஜை ஒடுங்கிய நிலையான நோயாளிக்கு 10,000 என்ற எல்லையும், பெரும்பாலான அறுவைகளுக்கு 50,000 என்ற எல்லையும், மூளை அறுவைக்கு 100,000 என்ற எல்லையும் பொதுவாகப் பின்பற்றப்படுகின்றன. தட்டுப்பாடு உச்சத்தில் இருக்கும்போது, குருதிப்போக்கு இல்லாத மஜ்ஜை நோயாளிக்கு முன்காப்பாக அரை அளவு கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் பேசுங்கள். 2010இல் வெளியான பெரிய ஆய்வில் அரை அளவு பெற்றவர்களுக்குக் குருதிப்போக்கு கூடவில்லை, மொத்தத்தில் செலவான தட்டணு குறைந்தது. ஏற்றும் தடவைகள் மட்டும் கூடின.

அறிகுறி: ஒரே நோயாளி அலமாரியை விழுங்குகிறார்

ஏற்றி முடித்த பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஓர் எண்ணிக்கை எடுக்கச் சொல்லுங்கள். உயர்வை உடற்பரப்பால் பெருக்கி, கொடுத்த தட்டணுவின் அளவால், 10,000 கோடிக்கு ஒன்று என்ற கணக்கில், வகுக்க வேண்டும். 1.6 சதுர மீட்டர் உடற்பரப்பு உள்ளவருக்கு 30,000 கோடி கொடுத்து 4,000 மட்டும் ஏறினால் விடை ஏறத்தாழ 2,100. அடுத்தடுத்து இரண்டு முறை 5,000க்குக் கீழே வந்தால் பிறர் தட்டணுவைத் தாக்கும் எதிர்ப்பொருள் அவர் உடலில் இருக்கக்கூடும். அவருக்கு நான்காவது, ஐந்தாவது பை அனுப்புவதால் பயனில்லை, எச்.எல்.ஏ. எனும் திசு வகை பொருந்திய கொடையாளரைத் தேட வேண்டும். ஒரு மணி நேரத்தில் நன்றாக ஏறி மறுநாள் சரிந்தால் காய்ச்சலோ தொற்றோ பெருத்த மண்ணீரலோ காரணமாக இருக்கும். ஆனால் இந்தச் சோதனைக்குக் கொடுக்கும் பை இரத்தப் பிரிவு பொருந்தியதாகவும் புதியதாகவும் இருக்க வேண்டும். ஐந்தாம் நாள் பையைக் கொடுத்துவிட்டு நோயாளியின் உடலைக் குறை கூறக் கூடாது.

அறிகுறி: ஏபி இல்லை, ஆர்.எச். நெகட்டிவ் இல்லை

இது பெரும்பாலும் கோளாறே அல்ல. அரிய பிரிவுக்கென்று தனி இருப்பு வைத்தால் அது முழுவதும் காலாவதியாகும். பிரிவு மாற்றிக் கொடுக்கலாம். ஓ பிரிவுப் பையின் பிளாஸ்மாவில் எதிர்ப்பொருள் அளவு மிகுந்திருந்தால் பிற பிரிவினருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். குழந்தை பெறும் வயதிலுள்ள ஆர்.எச். நெகட்டிவ் பெண்ணுக்குப் பாசிட்டிவ் பை கொடுக்க நேர்ந்தால் ஆர்.எச். எதிர்ப்பொருள் உருவாவதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசியைப் படிவத்திலேயே நினைவூட்டுங்கள். கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் ஆயுள் குறையுமே என்று தயங்குபவர்கள் உண்டு. குறைவது சிவப்பணுவுக்கு, தட்டணுவுக்கு அல்ல.

அறிகுறி: ரோட்ரிக்ஸ் தீவுக்குப் போன பை பயன்படாமல் கிடக்கிறது

மூத்த பையை முதலில் அனுப்பு என்ற விதி ஒரே கூரையின் கீழ் சரி. கடல் தாண்டும் பைக்கு அது பொருந்தாது. விமானம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் என்றாலும், இரண்டு பக்க வண்டிகளையும் காத்திருப்பையும் காற்று மாறி விமானம் தள்ளிப்போவதையும் சேர்த்தால் அரை நாள் போய்விடும். அங்கே தேவைப்படாவிட்டால் திரும்பி வந்து பயன்பட வழியில்லை. அத்தகைய பயணத்துக்கு இரண்டாம் நாள் பையை எடுங்கள். 22 பாகையில் முன்கூட்டியே பதப்படுத்திய பெட்டியில், ஐஸ் இல்லாமல், வெப்பப் பதிவியுடன் வையுங்கள். அசைவு நின்ற நேரத்தைப் பெட்டியின் மேலேயே எழுதுங்கள், அங்கே இறக்குபவர் 24 மணிக் கணக்கை அந்த நேரத்திலிருந்து தொடங்குவார்.